இறுக்கித் தைக்காத சேட்டுகள்

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது. நீ போட்டுவிட்டுப் போனது, அரைவாசி கரைந்து கிடந்தது. நாமிருவரும் தைத்த பெரிய துணியை ஏற்றிப்போகக் கொழும்பிலிருந்து வாகனம் வந்துகொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் கேற்றைப் பூட்டிவிட்டு முன்னால் கதிரை போட்டுக் குந்தியிருப்பாய். எனக்கு அந்தத் துணிச்சல் ஏதடி?

வட்டக்கச்சியில் பரமேசக்கா வீட்டு மாமரத்தின் கீழ் பாய் விரித்தது நினைவிருக்கிறதா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் சேட்டுகளைத் தாய்மார் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாவற்றையும் இணைத்து ஒரு பெரிய விரிப்பாக்கிக் காட்சிக்கு வைப்பதுதான் நாமிருவரும் போட்ட திட்டம். ஓவியம் படித்த மிடுக்கில் நான் தையல் மெசினோடு போயிருந்தேன். கத்தரிக்கோலை எடுத்ததும் பரமேசக்கா என் கையைப் பிடித்துவிட்டா.

“வெட்டாதேங்கோ பிள்ளை. அவன் வந்தா எதைப் போடுவான்?”

நீதான் மெசினை மூடிவிட்டு ஊசியை எடுத்தாய். “வெட்டவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம். நூலோடி விடுவம். கேட்கிற அண்டைக்கு உருவிக் குடுக்கலாம்.”

காட்சியில் அறுந்து விழுந்தால் மானம் போகுமென்று கத்தினேன். “போனாப் போகட்டும், உன்ர மானந்தானே!” என்று சிரித்தாய். பிறகு, அவர்களைப் போலவே காணாமல் ஆக்கப்பட்ட உன் தம்பியின் நீலக் கோடு போட்ட சேட்டைப் பையிலிருந்து எடுத்து ஒரு மூலையில் வைத்துத் தைத்தாய்.

கொழும்புக் காட்சியில் நடந்ததை மறப்பேனா? நல்லது செய்கிற நினைப்பில் அமைப்பாளர் துணிக்கு முன்னால் விளக்கேற்றி, பூத் தூவி, ‘மறைந்தவர்களுக்கு அஞ்சலி’ என்று அட்டையும் எழுதி வைத்திருந்தார். விடிய பஸ் ஏறி வந்த தாய்மார் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“ஆர் சொன்னது செத்திட்டாங்களெண்டு?” என்று பரமேசக்கா கேட்டா.

நீ விறுவிறென்று போய்ப் பூவை வழித்து அள்ளினாய், விளக்கை அணைத்தாய், அட்டையைக் கிழித்தாய். அதையும் கலைநிகழ்வென்று நினைத்து நாலைந்து பேர் கைதட்டினார்கள். அட கடவுளே, அந்த நேரம் நீ அவர்களைப் பார்த்த பார்வை!

போன வருசம் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. இப்போது அதே அமைப்பாளர் துணியை அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள், நிரந்தரமாக வைக்கப்போகிறாராம். “நீங்கள் ரெண்டு பேரும் செய்ததுதானே, நீங்கள் ஓமெண்டால் போதும்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனுசன் இன்று வாகனத்தோடேயே வருவதென்று நாள் குறித்துவிட்டார். நேற்றுப் போய்ப் பரமேசக்காவிடம் சொன்னேன். அவா சத்தம் போடவில்லை. “அப்ப சேட்டைத் தாங்கோ பிள்ளை” என்றா, அவ்வளவுதான்.

காலையில் தாய்மார் எல்லோரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். துணியை விறாந்தையில் விரித்து, முடிச்சை வெட்டி நூலை இழுத்தேன். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தது. அவரவர் பிள்ளையின் சேட்டை எடுத்து, உதறி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்கள். பாதியில் வாகனம் வந்து நின்றது. அமைப்பாளர் சப்பாத்தோடு உள்ளே ஓடிவந்தார்.

“என்ன செய்யிறீங்கள்? இது எவ்வளவு பெரிய படைப்புத் தெரியுமே?”

“ஓம், தெரியும். இதைச் செய்த ஆக்கள் கேட்கினம், குடுக்கிறன்” என்றேன். நூலை விடவில்லை. வாகனம் வெறுமையாகத் திரும்பிப் போனது.

கடைசியில் விறாந்தையில் நீலக்கோட்டுச் சேட்டு மட்டும் கிடந்தது. உன் வீட்டில் வாங்க ஆளில்லை. பரமேசக்கா அதை எடுத்துக் கொலரை நீவி, என் கையில் தந்தா. “இதை நீங்கள் வையுங்கோ. அவன் வருவான்.”

வெயிலில் காயவிட்டு மடித்து என் சேலைகளோடு வைத்திருக்கிறேன். புது உருண்டையும் போட்டாயிற்று. உன் தம்பி வந்து கேற்றைத் தட்டினால் சேட்டைக் கொடுத்துவிடுவேன். அக்கா எங்கே என்று கேட்டால் என்னடி சொல்ல?