உங்களுக்காக நான் சொன்ன பதில்கள்

என் பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய கணவருக்கு,

கிள்ளானில் உள்ள நம் வீட்டிலிருந்து அல்ல, சுபாங் ஜெயாவிலிருந்து எழுதுகிறேன், என்னங்க. நம் மகள் கவிதாவின் அடுக்குமாடி வீட்டில், அவள் எனக்காக ஒழித்துக் கொடுத்த சிறிய அறையில் இருக்கிறேன். நீங்கள் மறைந்த இந்த இரண்டு ஆண்டுகளில் எழுத எத்தனையோ முறை அமர்ந்தேன், களைப்பு விடவில்லை. இப்போதும் களைப்புதான். ஆயினும் இந்தச் செய்தியை உங்களிடம் சொல்லாமல் வேறு எவரிடம் சொல்வேன்?

என் மூளையிலும் தழும்புகள் இருக்கின்றனவாம்.

சில மாதங்களுக்கு முன் கிள்ளான் பாசாரில், மீன் கடை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். தலையில் அடிபட்டதால் ஸ்கேன் எடுத்தார்கள். அடிபட்ட இடத்தில் ஒன்றுமில்லை. ஆழத்தில், வேறெங்கோ, பழைய சிறு தழும்புகள் தெரிந்தன. ‘சைலண்ட் ஸ்ட்ரோக்’ என்றார்கள். ஓசையற்ற பக்கவாதம் என்று நான் தமிழில் பெயர்த்துக்கொண்டேன். வாய் கோணவில்லை, கை துவளவில்லை, நா குழறவில்லை. மூளையின் ஒரு நுண்ணிய பகுதிக்கு இரத்தம் செல்லாமல் நின்று, அது பட்டுப்போயிருக்கிறது. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? துணி உலர்த்திக்கொண்டிருந்தேனா? யாரையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேனா?

உங்களுக்கும் இதே கதைதான். பெரிய பக்கவாதம் உங்களைச் சாய்த்த அன்றுதான் உங்கள் ஸ்கேனை முதன்முதலாகப் பார்த்தோம். “அங்கிளுக்கு இதுக்கு முன்னாடியே சின்னச் சின்னதா வந்திருக்கு ஆன்டி. நீங்க எதுவும் கவனிக்கலையா?” என்று கேட்டார்கள். “இல்லை” என்று திடமாகச் சொன்னேன். அது பொய்யன்று. பார்த்தவற்றுக்கெல்லாம் நான் வேறு பெயர்கள் வைத்திருந்தேன்.

கூடத்தில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டீர்கள். போர்ட் கிள்ளானில் பாரந்தூக்கியை ஓட்டியவர் நீங்கள். ஒரு விசிறியைப் பூட்ட மாதக்கணக்காகவா? சோம்பல் என்றேன். “ரிட்டயர் ஆன மனுசன் லா, விடேன்” என்று சிரித்தீர்கள். பெடரல் நெடுஞ்சாலையில் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் இடத்தைத் தவறவிட்டு, “இன்னிக்கு உன்ன ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன், வா” என்றீர்கள். அதை அன்பென்று எடுத்துக்கொண்டேன். அன்பாகவும் இருந்திருக்கலாம். இனி யாரைக் கேட்பது?

அந்த நாட்களில் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் மருத்துவர் உங்களைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே விடை சொன்னேன். “உறக்கம் இயல்பாக உள்ளது. பசியில் குறைவில்லை. தலைசுற்றல் இல்லை” என்று முழு வாக்கியங்களில் சொல்வேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நாளிதழ்களைப் படித்தே மொழியைத் தேடிக்கொண்டவளுக்கு அந்த நாற்காலியில் ஒரு பெருமிதம் இருந்தது. நீங்களோ, “என் வாயி பக்கத்து நாற்காலில உக்காந்திருக்கு டாக்டர், அதக் கேளுங்க” என்று எல்லாரையும் சிரிக்கவைப்பீர்கள். இதைக் குற்றமென்று எழுதவில்லை. எத்தனை மனைவிமார் அப்படிச் சொல்கிறார்கள்! ஆனால் நீங்களாகப் பதில் சொல்லியிருந்தால், தேடித் தடுமாறியிருந்தால், அந்த மருத்துவர் நிமிர்ந்து பார்த்திருப்பாரோ?

இனி என் கதைக்கு வருகிறேன். ஸ்கேனுக்குப் பிறகு, நினைவாற்றலைச் சோதிக்க வேண்டுமென்று அதே கிளினிக்கில் நாள் குறித்தார்கள். கவிதா காரை ஓட்டிக்கொண்டே ஓர் உடன்பாடு பேசினாள்.

“டாக்டர் ஓகேன்னு சொன்னா நீங்க கிள்ளான் வீட்லயே இருங்கம்மா, நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா எங்கூட வந்துடணும். டீலா?”

“ஏற்றுக்கொள்கிறேன்.”

“கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரியே பேசுங்க!”

அந்த வீடு எனக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். திருமண அழைப்பிதழுக்கு வாசகம் கேட்டு அக்கம்பக்கத்தார் என்னைத் தேடி வருகிற வீடு. என் சாவியால் நானே பூட்டி, நானே திறக்கிற வீடு. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அன்று நல்ல புடவை உடுத்திச் சென்றேன்.

இப்போது அங்கிருப்பவர் ஓர் இளம் பெண் மருத்துவர். “தூக்கம் எப்படி ஆன்டி?” என்றார். “நல்லா தூங்குவாங்க டாக்டர்” என்றாள் கவிதா. “மருந்து?” “கரெக்டா சாப்பிடுவாங்க.” நான் வாயைத் திறந்து மூடினேன். உங்கள் இடத்தில் அமர்ந்தால் உலகம் இப்படித்தான் தெரியுமா, என்னங்க? எவ்வளவு வசதியாக இருக்கிறது! எவ்வளவு தனிமையாகவும் இருக்கிறது!

பிறகு மருத்துவர் ஐந்து சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடிகாரம் வரையவைத்தார், கணக்குக் கேட்டார். அதன்பின் அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்டார். வாழைப்பழம், சாவி, ரயில், மஞ்சள். ஐந்தாவது வரவில்லை. பிறர் பேச்சில் தடுக்கும் சொல்லை எடுத்துக் கொடுப்பவள் நான். எனக்கு ஒரு சொல் வரவில்லை.

அப்போது கவிதா, தரையில் கிடந்த தன் குடையை ஓசைப்படாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

நான் தேறினால் அவளோடு போக மாட்டேன். என்னைத் தன்னோடு அழைத்துச்செல்ல ஏங்கிக்கொண்டிருந்தவள், ஒரு மருத்துவர் முன் தன் தாய் தலைகுனியக் கூடாதென்று குடையை எடுத்தாள். ‘குடை’ என்று சொல்லியிருந்தால் அன்று மாலையே கிள்ளானில் என் கதவைத் திறந்திருப்பேன்.

“அந்தச் சொல் எனக்கு வரவில்லை, டாக்டர். என் மகள் மடியிலிருப்பதைப் பார்த்துச் சொன்னால் அது என் விடை ஆகாது” என்றேன்.

மருத்துவர் சிரித்துவிட்டார். “பரீட்சை ஹால்ல பிட் குடுக்கிறீங்களா?” என்று கவிதாவைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அஞ்சுல ஒண்ணு யாருக்கும் மறக்கும் ஆன்டி. அத வச்சு மட்டும் நான் முடிவு பண்ண மாட்டேன்” என்றார். மீண்டும் கவிதாவிடம், “வீட்டுல நீங்க எதாச்சும் கவனிச்சீங்களா?” என்றார்.

“ஒண்ணும் இல்ல டாக்டர்.”

அந்த ‘ஒண்ணும் இல்ல’ என் குரலில் இருந்தது. எவ்வளவு அழகாகச் சொன்னாள்! என் செந்தமிழ் எங்கோ போய்விட்டது.

“சொல்லுடி” என்றேன்.

“ம்மா…”

“நான் இங்கதான் உக்காந்திருக்கேன். கேட்டுக்கிறேன். சொல்லு.”

அவள் மருத்துவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.

“மாத்திரைய சில நாளு ரெண்டு தடவ போட்டுக்கிறாங்க. போன மாசம் அடுப்ப அணைக்காமலே கோயிலுக்குக் கெளம்பிட்டாங்க, நல்லவேள அன்னிக்கு நான் வந்திருந்தேன். நடக்கறப்போ கால தேச்சுத் தேச்சு வைக்கிறாங்க. அப்புறம்…” என்று நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பக்கத்து வீட்டுக்கு எழுதிக் குடுத்த கல்யாணக் கார்டுல மாப்பிள்ளையோட அப்பா பேரே இல்ல டாக்டர். நான்தான் போன் பண்ணி சேக்கச் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியாது.”

அடுப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், என்னங்க. அந்த அழைப்பிதழ் என்னை உடைத்தது. அச்சாகி வந்ததை நானே வாசித்துப் பெருமைப்பட்டிருந்தேன். அதைச் சரிசெய்தது என் மகள் என்று அறியாமலே.

மருத்துவர் நெடுநேரம் எழுதினார். பட்டுப்போன இடங்களை மீட்க முடியாதாம். புதிதாக வராமலிருக்க இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், நடக்க வேண்டும், மாத்திரையை ஒருவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். “மக சொன்னதாலதான் ஆன்டி எனக்கு முழுசா புரிஞ்சது” என்றார். நான் தலையசைத்தேன். எழுந்து நிற்கவே அலுப்பாக இருந்தது.

ஆகவே கிள்ளான் வீட்டைப் பூட்டிவிட்டேன். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. மாலையில் கவிதா என்னைக் கீழே நடக்க அழைத்துச்செல்கிறாள். களைப்பாக இருக்கிறது என்றால், “நடங்க லா, ஆபிசரம்மா” என்று விரட்டுகிறாள். அவள் குரலில் நீங்கள் கொஞ்சம் இருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த விசிறியின் முன் அமர்ந்திருந்தபோது, அடுத்து எந்தத் திருகு என்று தெரியாதது உங்களுக்கு உள்ளிருந்து தெரிந்ததா? தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் சிரித்தீர்களா? அல்லது, என்னைப் போலவே, எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்தீர்களா?

அடுத்த வாரம் மீண்டும் பிரிக்பீல்ட்ஸ் போகிறோம். கவிதா என்னைப் பற்றிப் பேசுவாள். அவள் தமிழில் பிழை இருக்கும்; நான் கேட்க விரும்பாதவையும் இருக்கும். குறுக்கே பேச மாட்டேன், அவள் சொல்லில் ஒன்றையும் திருத்த மாட்டேன். வாழ்நாளெல்லாம் பிறர் சொல்லைத் திருத்தியே வந்த நான் உங்களுக்குத் தரும் வாக்கு இது.

என்றும் உங்கள் இல்லாள்,
பத்மாவதி மாணிக்கம்