அணியத்துப் பலகை

பாம்பன், 9 மார்ச் 1956, வெள்ளி

இன்று தம்பி சந்தியாகுவை அறைந்துவிட்டேன். நாற்பது வயதுக்காரன். கை இன்னும் எரிகிறது. வருத்தம் இல்லை.

எங்கள் வீட்டில் தோணி மாறும், பெயர் மாறாது. பழையதை உடைக்கும்போது அணியத்துப் பலகையை மட்டும் கழற்றிப் புதுத் தோணியின் முகப்பில் அடிப்போம். அதில் GOEDE REYS என்று செதுக்கியிருந்தது. டச்சுக்காரன் காலத்து எழுத்து, ‘நல்ல பயணம்’ என்று பொருள், இப்போது அவர்களே Y போட்டு எழுதுவதில்லை என்று பங்குச் சாமியார் போன வருடம் சொன்னார். அதற்கு முன் எங்களுக்குப் பொருள் தெரியாது. ஆனாலும் தோணி கிளம்பும்போது யாரும் ‘போய் வா’ என்று சொன்னதில்லை. அந்த எழுத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

துறைமுக ஆபீசுக்குப் புதிதாக வந்த குமாஸ்தா, தப்பும் தவறுமான பெயரைப் பதிய மாட்டேன் என்றானாம். தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கோயிலுக்குச் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போன நேரம் பார்த்து, இழைப்புளியால் பலகையை மொழுமொழுவென்று இழைத்துவிட்டு, வெள்ளைப் பெயிண்டில் தன் மகள் பெயரை எழுதியிருக்கிறான்.

“எழுத்துதானண்ணே போச்சு, பலகை அங்கனதான இருக்கு” என்றான். அப்போதுதான் அறைந்தேன்.

கன்னத்தைத் தடவிக்கொண்டே, “விடிஞ்சதும் கொழும்புக்குச் சரக்கோட போறேன். நீ ஒண்ணும் துறைக்கு வரவேணாம்” என்றான்.

போவேன். போய் நிற்பேன். அந்த எழுத்து அங்கே இருக்காது. நானும் வாயைத் திறக்க மாட்டேன்.