உப்புப் பூத்த கருப்புச் சுவர்

காலையில் பெயின்டர் துரை வாளியின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தான். ஹால் முழுக்க அந்த வாடை எழுந்தது. புதுப் பெயின்ட் வாடை வந்தால், பின்னாலேயே நீயும் வரவேண்டும். தலையில் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு, மூக்கு நுனியில் ஒரு பொட்டுக் கருப்போடு, “ஏனுங்க, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, உன்னால் எனக்கு வரும் தொல்லை மட்டும் இன்னும் நின்றபாடில்லை.

வாளியில் இருப்பது கருப்பு இல்லை. சந்தனமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு கலர். நம் பையன் கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே கடைக்குப் போன் போட்டு அனுப்பி வைத்தது. ஹாலில் நீ அடித்து வைத்திருக்கும் கருப்புச் சுவரை மறைப்பதற்காக. உனக்குத் திதி கொடுத்து முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், என் அக்கா மட்டும் காரமடைக்குப் போகாமல் தங்கிவிட்டாள். “வருசம் திரும்பாம ஊட்டுக்கு வெள்ளை அடிக்கக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்டா. இனி அந்தக் கருமத்த ஒரு நாளும் உட்டு வெக்க மாட்டேன்” என்றாள். பையன் சொல்வது வேறு மாதிரி. “தனியா இருக்கீங்கப்பா. ஊடு வெளிச்சமா இருந்தா மனசும் நல்லா இருக்கும்.” அவளுக்குச் சாஸ்திரம், இவனுக்கு சயின்ஸ். இரண்டும் ஒரே வாளியில் வந்து இறங்கிவிட்டன.

இதில் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார். அந்தச் சுவரைப் பற்றி ஊரெல்லாம் புலம்பியவன் நான்தான். பால்காரரிடம் புலம்பியிருக்கிறேன், பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவரிடம்கூடப் புலம்பியிருக்கிறேன். இப்போது திடீரென்று அது இருக்கட்டும் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை. நேற்று இரவு சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்துப் பார்த்தேன். “நீதானடா அந்தச் செவுத்தப் பாத்தா வகுறு எரியுதுன்னு போன்ல சொன்னே?” என்று அக்கா மடக்கிவிட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

எதற்காக அந்தச் சுவர் கருப்பானது என்று அக்காவுக்கு விளங்க வைக்க முடியாது. காரமடைக்காரிக்கு ஈரம் என்றால் மழை நாளில் துணி காயாதது, அவ்வளவுதான். குன்னூரில் ஈரம் என்றால் பீரோவுக்குள் தொங்கும் பெல்ட் வரைக்கும் பூசணம். எஸ்டேட் குவார்ட்டர்ஸை விட்டு இந்த வீட்டுக்கு வந்தபோது நமக்கே இதன் குணம் தெரியாது. மலையை வெட்டிக் கட்டிய வீடு. ஹாலின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மண்தான். நான் ஆசை ஆசையாக க்ரீம் கலர் அடிப்பேன். ஐப்பசி மழை பிடித்தால் கீழே மூலையில் கருப்பாக ஒரு புள்ளி வரும். கார்த்திகை முடிவதற்குள் சுவர் முழுக்க அம்மை போட்டிருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன், மறுபடி அடிப்பேன், மறுபடி வரும். ஒரு வருஷம் நீ இடுப்பில் கையை வைத்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னாய். “அந்தச் செவுரு கருப்பா இருக்கோணும்னு ஆசைப்படுதுங்க. நாம எதுக்கு வருசா வருசம் அதுகூட மல்லுக்கு நிக்கறது?”

வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்த அறிவு இருந்திருக்க வேண்டும்.

நான் கண் டாக்டரைப் பார்க்கக் கோயம்புத்தூர் போன அன்று நீ காரியத்தை முடித்தாய். திரும்பி வந்து கதவைத் திறந்தால், எருமை குளித்து எழுந்து நிற்பது போலச் சுவர் மினுமினு என்று நிற்கிறது. எதிரில் இருந்த ட்யூப் லைட் அதில் முழுசாகத் தெரிந்தது. கொத்தனார் கரண்டி எங்கெங்கே தடுக்கியதோ அந்த மேடு பள்ளமெல்லாம் தெரிந்தது. இரும்பு கேட்டுக்கு அடிக்கும் கருப்பை வாங்கி வந்து வீட்டுக்குள் அடித்திருந்தாய். “கடையில கேக்கலையா?” என்றால், “கருப்பு குடுங்கன்னேன், குடுத்தாங்க” என்றாய். அடுத்த மழைக்கு அது உப்பியது பார், தோசைக் கல்லில் சப்பாத்தி உப்புவது போல. குத்தினால் உள்ளே தண்ணீர். துரை வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். “ஈரச் செவுத்துல எண்ணெப் பெயின்ட்ட அடிச்சா அது எப்படிங்க மூச்சு உடும்?” சுரண்டி எடுத்தவன் அவன். பக்கத்தில் நின்று முறத்தில் பொறுக்கியவன் நான். நீ டீ போட்டுக் கொடுத்தாய்.

இத்தோடு விட்டது சனியன் என்று பார்த்தால், மறுவாரம் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாய். பளபளப்பு இல்லாத, சுவர் மூச்சு விடுகிற கருப்பு வேண்டும் என்றாய். கடைக்காரர், “எந்தக் கருப்புங்க?” என்று கேட்டு ஓர் அட்டையை விரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கருப்பில் என்ன எந்தக் கருப்பு? கடையில் நாலு பேர் இருக்கும்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாய். “டீ ஃபேக்டரில வெள்ளைப் பேப்பர்ல தூளக் கொட்டி, ஜன்னலோரமா நின்னு, இது கருப்பு, இது சாம்பல், இது செவப்பு ஓடுதுன்னு பாத்துத்தானுங்க நீங்க இத்தன வருசம் சம்பளம் வாங்கினீங்க? அப்ப மட்டும் கருப்புல வகை இருந்துச்சா?” கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

சின்னச் சின்ன டப்பாக்களாக வாங்கி வந்து சுவரில் கட்டம் கட்டமாக அடித்தாய். ஒரு கட்டம் காலை வெயிலில் நீலமாகத் திரும்பியது. ஒன்று பனிமூட்டம் இறங்கினால் பாசி பிடித்த பச்சை. ஒன்று ட்யூப் லைட்டில் வெறும் சிலேட்டு. ஒன்றில் மட்டும் உள்ளே லேசாகப் பழுப்பு ஓடியது, நன்றாக வாட்டி அரைத்து வந்த தூளின் கருப்பு. நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எழுந்து போய் அந்தக் கட்டத்தை விரலால் தட்டி, “அடிச்சுத்தான் தீருவேன்னா இத அடி” என்றேன். நீ உடனே துரைக்குப் போன் பண்ணினாய். அந்த ஒரு சுவர் மட்டும் போதும் என்றாய், மற்ற மூன்றும் கூரையும் வெள்ளையாகவே இருந்தன. ட்யூப் லைட்டைக் கழற்றிப் பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னாய். எல்லாம் சரியாகத்தான் செய்தாய், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அக்கா முதல் முதலாக அதைப் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். “என்றா இது, கரிப்புடிச்ச அடுப்படியாட்ட? கருப்பு அடிச்ச ஊட்டுல நல்ல காரியம் நடக்குமா?” நான் உனக்குப் பரிந்து பேசவில்லை. எனக்கு அப்போது உள்ளூரச் சந்தோஷம். நீதான் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாய். “நல்ல காரியமெல்லாம் முடிச்சுட்டுத்தானுங்க அடிச்சேன். பையனுக்குக் கல்யாணம் ஆச்சு, பேரன் பொறந்தாச்சு. கொழந்தைக்குக் கன்னத்துல கருப்புப் பொட்டு வெக்கறோம், ஊட்டுக்கு ஒண்ணு வெச்சா ஆகாதுங்களா?” அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அதை மனசில் வைத்திருந்துதான் போன வருஷம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராதபோது, எல்லோருக்கும் நடுவில் சொன்னாள். “கருப்ப அடிச்சுக் காலனக் கூப்புட்டுக்கிட்டா.” எனக்குக் காது எரிந்தது. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

உன் கருப்பு ஜெயித்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பூசணம் தெரியாமல் போனது நிஜம். ஆனால் அடுத்த மழையில் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. வெள்ளைச் சுவரில் கருப்பு வருகிறது என்று கருப்பு அடித்தால், கருப்பில் வெள்ளை வருகிறது. இந்தத் தப்பைச் செய்ய நம் இரண்டு பேரால்தான் முடியும். வயிறு குலுங்கச் சிரித்தேன் நான். நீ அசையவில்லை. தேங்காய் நார் பிரஷ்ஷை எடுத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாய், உப்பு மாவாகக் கொட்டியது. “பூசணத்தத் தேச்சா கறை நிக்கும். இது தூசி, தட்டுனா போயிரும். எது சொகம்னு நீங்களே சொல்லுங்க.” ஈரத் துணி மட்டும் படக் கூடாது என்பாய், ஈரம் பட்டால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும் என்பாய். இந்த ஒரு வருஷமாக அந்த பிரஷ்ஷைப் பிடித்து இழுப்பவன் நான். திட்டிக்கொண்டேதான் இழுக்கிறேன்.

இன்னொன்றும் நீ சொல்வாய். அந்தச் சுவரைப் பற்றி நான் முனகும்போதெல்லாம் சொல்வாய். “உங்களுக்கு என்னங்க கஷ்டம்? அதுக்கு முதுகக் காட்டிட்டுத்தான நாளெல்லாம் உக்காந்திருக்கீங்க. பாக்கறவ நானு.” அது உண்மைதான். என் ஈட்டி மர நாற்காலி சுவரை ஒட்டி, ஜன்னலைப் பார்த்து. உன் பிரம்பு நாற்காலி ஜன்னலோரமாக, சுவரைப் பார்த்து. காலை டீ அப்படித்தான். “அப்படி என்னத்தடி பாக்கறே அந்தச் செவுத்துல?” என்று கேட்பேன். “எடுப்பா இருக்குது” என்பாய். எது எடுப்பாக இருக்கிறது என்று எழுந்து, திரும்பிப் பார்ப்பேன். வெறும் சுவர் இருக்கும். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி உட்கார்வேன்.

இன்றைக்குக் காலையில் துரை சாமான்களையெல்லாம் ஒதுக்கினான். ஈட்டி மர நாற்காலியை மட்டும் அவனால் தனியாகத் தூக்க முடியவில்லை. “இது அப்பறம் நகத்திக்கலாங்க சார்” என்று மூலையில் பிரைமர் அடிக்க ஆரம்பித்தான். ஒரு ரோலர் அகலம் வெள்ளையாக ஏறியது. அடியிலிருந்து கருப்பு எட்டிப் பார்த்தது. “ஒரு கோட்டுல மசியாதுங்க சார் இது. நாலஞ்சு கேக்கும்” என்றான். உன்னைத் தெரிந்தவன் அவன். அக்காவுக்கு மூட்டு வலி, நின்று பார்த்துவிட்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு உத்தரவு போட ஆரம்பித்தாள். எனக்கு உட்கார வேறு இடம் இல்லை. உன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, நான் அதில் உட்கார்ந்ததே இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அக்கா. அவள் நரைத்த முடி ஒவ்வொன்றும் தெரிகிறது. மூக்குத்தி தெரிகிறது. மேலுதட்டு ஓரத்தில் இருக்கும் மச்சம், நான் மறந்தே போயிருந்த மச்சம், தெரிகிறது. பேசும்போது தாடை லேசாக நடுங்குகிறது. என் அக்கா இவ்வளவு கிழவியாகிவிட்டாள் என்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பிரியமாகவும் இருந்தது. வெளியே பனிமூட்டம், ஹாலில் பாதி வெளிச்சம்தான், ஆனாலும் அந்தக் கருப்புக்கு முன்னால் அவள் முகம் மட்டும் தனியாக எழுந்து நின்றது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அந்த ஈட்டி மர நாற்காலியில் தினமும் உட்கார்ந்திருந்தது யார் என்று.

“துரை, நிறுத்து” என்றேன்.

அக்கா திரும்பினாள். “என்றா?”

“செவுரு அப்படியே இருக்கட்டுங்க்கா.”

“உனக்கென்னடா கிறுக்கா? நீதான வகுறு எரியுதுன்னு சொன்னே?”

“ஆமா, சொன்னேன். நான் சொல்லலாம். வேற யாரும் சொல்லக் கூடாது.” குரல் உயர்ந்துவிட்டது. “அவ போனதுக்கும் இந்தச் செவுத்துக்கும் சம்பந்தமில்ல. இனி ஒருக்கா அந்தப் பேச்சு இந்த ஊட்டுல வரக் கூடாது. அந்தக் கருப்பப் பாத்து எடுத்தவனே நான்தான்.”

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் துரைக்கும் டீ வந்தது, சர்க்கரை இல்லாமல். வாளியைப் பின்னறைக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். பையனுக்கு இன்னும் சொல்லவில்லை, அவன் ஒரு மணி நேரம் பேசுவான். நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும். மூலையில் ஏறிய அந்த ஒரு ரோலர் வெள்ளையை மறைக்க வேண்டும். “எந்தக் கருப்புங்க?” என்று கேட்பார். கேட்கட்டும், இந்தத் தடவை நானே எடுத்துக் கொடுப்பேன்.

இதை உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிரில் உன் கருப்பு, அதற்கு முன்னால் என் நாற்காலி, கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம்கூடத் தெரிகிறது. யாரும் இல்லை அதில். எத்தனை தடவை கேட்டேன், என்னத்தடி பார்க்கிறே என்று. நான் எழுந்து திரும்பினால் நீ பார்த்தது அங்கே எப்படி இருக்கும்? ஊருக்கே வக்கணையாகப் பதில் சொல்லத் தெரிந்த வாய்தானே? எனக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?