செருப்பு இருந்தால் கால் வரும்

ஜூன் 4

அன்பு அக்காவுக்கு,

அடுப்படியிலிருந்து தங்கை எழுதும் ஸ்தோத்திரம். உங்கள் சபையிலிருந்து வந்த ஊழியக் குழு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்து முடித்து, நான் சமைத்ததையெல்லாம் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டுவிட்டு நேற்று விமானம் ஏறியது. எங்கள் ரம்பம் அண்ணன், அதுதான் உங்கள் வீட்டுக்காரர், இந்த வருஷம் வரவில்லையே. "தச்சர் எங்கப்பா?" என்று கேட்டால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மழைக்கு ஊதிப்போய்த் திறக்க மறுக்கும் சபைக் கதவை இழைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

வந்தவர்கள் புறப்படும்போது ஒரு ஜோடி செருப்பை இங்கே விட்டுப் போவதுதான் நம் இரண்டு சபைகளுக்கும் வழக்கமாயிற்றே. செருப்பு இருந்தால் கால் வரும் என்பார் போதகர். அண்ணனுடையதும் அலமாரியில் இருக்கிறது. இன்று காலை அது ஈரமாக இருந்தது. உள்ளே மரச்சுருள். போய்ப் பார்த்தால் கதவின் மேல்பக்கம் இழைத்திருக்கிறது! எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறார்? சாப்பிட வரச் சொல்லுங்கள்.

உங்கள் சமையல்காரத் தங்கை

ஜூன் 19

தங்கைக்கு,

அவர் இறந்துவிட்டார் அம்மா. குழு இங்கிருந்து புறப்படுவதற்கு முந்தைய வாரம், பட்டறையில், நின்ற இடத்திலேயே. அங்கே வேலை கெட்டுவிடக் கூடாது என்று நான்தான் எல்லோர் வாயையும் கட்டினேன். உனக்கு நானே எழுத நினைத்தேன், மனம் வரவில்லை.

நீ விளையாட்டுக்கு எழுதுகிறவள் அல்ல. அதனால் நம்புகிறேன். நம்புவதால்தான் வயிறு எரிகிறது. வருஷத்தில் ஒரு மாதம் அங்கே இருப்பார், மிச்ச மாதமெல்லாம் அங்கே போவதைப் பற்றியே ரம்பம் போடுவார். "நீயும் ஒரு தடவ வாயேன்" என்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பேன். இப்போதும் அங்கேதான் போவாரா? நான் இங்கே கதவைத் தாழ் போடாமல் படுத்திருக்கிறேன். அந்தச் செருப்பை எனக்கு அனுப்பு. கால் இந்த வீட்டுக்கு வரட்டும்.

அக்கா

ஜூலை 12

அக்காவுக்கு,

என்ன சொல்லித் தேற்றுவேன்? உங்கள் கடிதம் வந்த அன்றே அழுதுகொண்டே செருப்பைப் பார்சல் போட்டேன். இதற்குள் வந்திருக்கும்.

ஆனால் அவர் போகவில்லை அக்கா. சபை வாசலில் தினமும் வெறுங்கால் தடம். கதவு வரைக்கும் வந்து அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கிறது. மேற்கொண்டு இழைப்பு வேலை நடக்கவில்லை. சிராய் குத்துமே என்று நான் பெருக்கி வைக்கிறேன். பயமில்லை. பாவமாக இருக்கிறது.

தங்கை

ஆகஸ்ட் 1

என் தங்கைக்கு,

செருப்பு வந்தது. வாசலில் வைத்தேன், பட்டறையில் வைத்தேன், கட்டிலுக்கு அடியிலும் வைத்தேன். வைத்த இடத்திலேயே குத்துக்கல் மாதிரி இருக்கிறது. அதில் ஒரு தூசு கூட ஒட்டவில்லை. மனிதர் உயிரோடு இருந்தபோதே பிடிவாதக்காரர். அவரை வெறுங்காலில் நிறுத்தியது நான்தான் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

திருப்பி அனுப்புகிறேன். பிரித்துப் பார்த்தால் கூடவே நீல வார் வைத்த ஒரு ஜோடி இருக்கும். அது என்னுடையது. வராதவள் செருப்பு வைக்கலாமா என்று போதகர் கேட்டால், "அவங்க வருவாங்க" என்று சொல். நாலு படி ஏறினாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. விமானப் பயணம் கூடவே கூடாது என்கிறார் டாக்டர். இருந்தாலும் அடுத்த வருஷம் என்று இனிச் சொல்ல மாட்டேன். அவருடையதோடு ஒட்டி வை.

அக்கா

ஆகஸ்ட் 16

அன்பு அக்காவுக்கு,

நேற்றுப் பார்சல் வந்தது. போதகர் ஒன்றும் கேட்கவில்லை. அவரே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நீங்கள் சொன்னபடி இரண்டையும் ஒட்டி வைத்தேன்.

இன்று காலை கதவு இழைத்து முடிந்திருக்கிறது. ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. அண்ணன் செருப்பில் பழையபடி மரச்சுருள்.

உங்கள் செருப்பும் ஈரமாக இருக்கிறது அக்கா.

நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? ஒரு வரி எழுதினால் போதும். கடிதம் கண்டதும் எழுதுங்கள். இன்றைக்கு இரண்டு பேருக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை