டிரெசரின் தொடைக்கட்டி

4 மார்ச், திங்கள்

வலது தொடையில் கட்டி. தோலில் இல்லை, உள்ளே, சதைக்குள். எலுமிச்சம்பழ அளவு. வலி இல்லை. நவமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி ஈப்போவில் உள்ள கோயில் அத்தனைக்கும் நேர்ந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அலைவாள். முப்பத்தோர் ஆண்டு எஸ்டேட் கிளினிக்கில் டிரெசராக மருந்து கொடுத்தவன் நான். கட்டி எனக்குத் தெரியாதா? கொழுப்பாகத்தான் இருக்கும்.

19 மார்ச்

எதிர்வீட்டுப் பழனியப்பன் பார்த்துவிட்டான். பச்சைத் தூள் ஒரு டப்பா கொண்டுவந்தான். "ஒரே மாசத்துல கரைஞ்சிடும்லா டிரெசர்." உன் தலையில் இருக்கும் களிமண்ணை முதலில் கரைக்கச் சொல் என்றேன். இளித்துக்கொண்டே போனான். ரோஷம்கூட இல்லாத ஜென்மம்.

7 ஏப்ரல், ஞாயிறு

எழுதவே கூசுகிறது. ஆயர் தாவாருக்கு, என் பழைய எஸ்டேட்டுக்குப் போனேன். நல்லம்மாளிடம்.

எஸ்டேட்டில் எண்ணெய் போட்டு நீவிவிடுபவள் அவள். 1991இல் ஒருத்தியின் முறிந்த கையை நீவினாள் என்று, தொழிலாளர் லயத்து வாசலிலேயே அவளுடைய எண்ணெய்ப் புட்டியைப் பிடுங்கி உடைத்தேன். ஊரே பார்த்தது. அவளிடம் ஏன் போனேன்? ஆஸ்பத்திரிக்குப் போனால் இதற்கு ஒரு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரைக் கேட்கப் பயம். அவ்வளவுதான்.

இரண்டு விரலால் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"இது சுளுக்கு இல்ல டிரெசர். உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு. இத அமுக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எனக்குப் பாடம் நடத்துகிறாள், கையெழுத்துப் போடத் தெரியாதவள்! "நான் சொல்றேன், அழுத்திப் பிடி" என்றேன். பிடித்தாள். உயிர் போய் வந்தது.

9 ஏப்ரல்

தொடை கறுநீலம். கட்டி இரண்டு மடங்கு.

22 ஏப்ரல்

நவமணி பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் பெயர் தினேஸ்வரி. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறாள்.

"திடீர்னு பெருசாச்சா அங்கிள்? அடிபட்டுச்சா? யார்கிட்டயாவது ஊருட் பண்ணி நீவிக்கிட்டீங்களா?"

நவமணி முந்திக்கொண்டு சிரித்தாள். "இவரா? எண்ணெய் போட்டு நீவுறவங்கள விரட்டி அடிச்சவராச்சே!"

நானும் சிரித்தேன். இல்லை என்றேன்.

3 ஜூன்

எம்.ஆர்.ஐ. முடிவும், ஊசியால் எடுத்த சதைத் துணுக்கின் முடிவும் வந்தன. துணுக்கில் மிக்சோமா என்று இருக்கிறது. தசைக்குள் வளரும் கொழகொழப்பான கட்டி. அபூர்வம். புற்றுநோய் இல்லை, பரவாது. ஆனால் ஸ்கேனில் கட்டியைச் சுற்றிலும் இரத்தக் கசிவு.

"மிக்சோமா இவ்ளோ வேகமா வீங்காது அங்கிள், ரத்தமும் கசியாது. கெட்ட கட்டியா இருந்து, ஊசி அந்த இடத்தத் தவற விட்டிருக்கலாம். ரிஸ்க் எடுக்க முடியாது."

முன்தொடைத் தசையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கப் போகிறார்களாம். படியேற முடியாது. சாகும்வரை கைத்தடி. நவமணி அங்கேயே அழுதாள். அப்போதும் நீவியதை மறைத்தேன். சீ.

5 ஜூன்

டேய், மானம் பெருசா, கால் பெருசா? "ஏண்டா மறைச்சே, மடையா?"ன்னு கிளினிக்ல எத்தன பேரக் கிழிச்சிருப்பே! அவங்களாவது படிக்காதவங்க. நீ?

10 ஜூன்

நல்லம்மாளிடம் போனதை டாக்டரிடம் சொல்லிவிட்டேன், நவமணி முன்னாலேயே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்தத் தேதி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம். அமுக்கியதால் வந்த கசிவென்றால் தானே வடிந்துவிடும், ஆறு வாரம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம், துணுக்கை இன்னொரு டாக்டருக்கும் அனுப்பலாம் என்றார்.

நவமணி வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்: "அந்த நல்லம்மா புட்டிய ஒடைச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

29 ஜூலை

கசிவு வடிந்துவிட்டது. இரண்டாவது டாக்டரும் மிக்சோமாதான் என்கிறார். கட்டியையும் சுற்றியுள்ள மெல்லிய விளிம்புச் சதையையும் எடுத்தால் போதும். கால் பிழைத்தது.

28 ஆகஸ்ட்

நேற்று எடுத்தார்கள். டாக்டர் படம் காட்டினார். அகர் அகர் ஜெல்லித் துண்டு மாதிரி இருக்கிறது. இதற்கா இந்த ஆட்டம் ஆடினேன்?

12 அக்டோபர், சனி

கைத்தடி இல்லாமல் ஆயர் தாவாருக்குப் போனேன். கையில் ஒரு புட்டி நல்லெண்ணெய். கொள்ளை விலை.

"என்னா சொன்னாங்க டிரெசர்?"

"நீ சொன்னதத்தான் சொன்னாங்க. அமுக்கியிருக்கக் கூடாதாம்."

நல்லம்மாள் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூடியைத் திறந்து மோந்தாள்.

"கலப்பட எண்ணெய். உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க டிரெசர்."

எண்ணெயைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. "நல்லது எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.