பின்வாசல் ஆணியில் ஒரு சிவப்புக் கயிறு

ஜனவரி 18, ஞாயிறு

தோட்டத்து கேட்டுக்கு இன்று தாழ்ப்பாள் போடுவதாக இருந்தது. எங்கள் குட்டிப் பெண் உருண்டை நடக்கத் தொடங்கிவிட்டாள். இனி வீட்டுக்குள் அடங்க மாட்டாள். டிரில்லும் கையுமாகப் போன அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஏற்கெனவே இருக்கு. வெளிப்பக்கம், உன் தலை உயரத்துல."

குடிவந்து ஒரு மாதம் ஆகிறது, இன்றுதான் கவனிக்கிறேன். வேலிக் கம்பிகளுக்கு நடுவே குழந்தைத் தலை நுழையாதபடி இன்னும் கம்பி வைத்துப் பற்றவைத்திருக்கிறது. படி முனைகளில் ரப்பர். மழைநீர் பீப்பாய்க்குப் பூட்டு வைத்த மூடி. அரளி இருந்த இடத்தில் வேரோடு பிடுங்கிய பள்ளம்.

"முன்னாடி இருந்தவங்க உன் ஜாதகம் போல. புண்ணியவதி, எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சம்" என்றார். பின்வாசல் ஆணியில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்குகிறது. அதை ஊதிப் பார்த்துவிட்டு, "டிராபிக் போலீஸா இருப்பாங்களோ?"

எனக்கும் நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். ஏன் இல்லை?

ஜனவரி 21, புதன்

பிடிபட்டுவிட்டது. எங்கள் ஹாலில் உருண்டையின் கை படாத இடம் இல்லை: கிறுக்கல், பிசுபிசுப்பு, சோபாவில் பல் தடம். தோட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. படி ரப்பரை ஒரு குழந்தையும் கடிக்கவில்லை. வேலிப் பெயிண்டை ஒரு பொம்மை வண்டியும் கீறவில்லை.

யாருக்காக இவ்வளவும் செய்தார்கள்?

பிப்ரவரி 1, ஞாயிறு

உருண்டைக்குப் பிடித்த இடம் நடுவில் இருக்கும் மணல்குழி. வட்டமாக, சிமெண்ட் விளிம்போடு. கரண்டியால் தோண்டித் தோண்டி எனக்கே ஊட்ட வருகிறாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பக்கத்து வீட்டு டீச்சரின் மாடியில் ஒரு பெண். டீச்சர் இல்லை. உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையசைத்ததும் உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பூனை அசிங்கம் செய்து வைத்திருந்தது. மணலை மாற்றிவிடலாம் என்று மண்வெட்டி எடுத்தேன். முழங்கால் ஆழத்தில் டங்கென்று பட்டது. கையால் விலக்கினேன். நீல டைல். இன்னும் விலக்கினேன். சிமெண்ட் வைத்து அடைத்த வடிகால்.

மணலுக்கு எதற்கு வடிகால்?

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "மீன் தொட்டியா இருந்திருக்கும். மூடிட்டாங்க. நல்லதுதானே?"

"முன்னாடி மூடினாங்களா, பின்னாடி மூடினாங்களா?"

"எதுக்கு முன்னாடி?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்து வைக்கப் போனார்.

பிப்ரவரி 11, புதன்

பின்வாசலைப் பூட்டிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கண்ணாடிக் கதவில் இரண்டு கையையும் வைத்துத் தட்டுகிறாள். வெளியே, வெளியே. அவளுக்கு இருப்பது மொத்தமே இருபது சொல். அதில் இது ஒன்று.

நாத்தனார் போனில் கேட்டாள்: "அண்ணி, நீங்க பிள்ளை பெத்தீங்களா, பீங்கான் வாங்கினீங்களா?" சிரித்தேன். இத்தனை வருடம் காத்திருந்து நாற்பத்திரண்டில் பெற்றவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை.

கதவில் அவள் கைரேகைகள். துடைக்க மனம் வரவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

உருண்டை தூங்கிவிட்டாள். எழுதினால் மனம் அடங்குமா பார்க்கிறேன்.

அவருடைய ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். "இத்தனை பேர் இருக்கோம், குழந்தையை வெளிய விடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். விட்டேன். நான்தான் பூட்டைத் திறந்தேன்.

தட்டு எடுக்க உள்ளே போனேன் — அவர் பார்க்கிறார் என்று. அவர் நாற்காலி எடுக்கப் போனார் — தங்கை பார்க்கிறாள் என்று. தங்கை போனில் யாருக்கோ போட்டோ காட்டிக்கொண்டிருந்தாள் — இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று.

திடீரென்று மேலிருந்து ஒரு சத்தம். "வாளி! வாளி!" மனிதக் குரல் மாதிரியே இல்லை.

யாரோ கால் கழுவிட்டு குழாயடியில விட்டுட்டுப் போன வாளி. பாதித் தண்ணி. விளிம்புல வயிறு, தலை உள்ள, கால் ரெண்டும் தரையில இல்ல. ஒரு சத்தம் இல்ல. தண்ணி தெறிக்கக்கூட இல்ல. பக்கத்துல, கை நீட்டினா தொடுற தூரத்துல, எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்க—

இழுத்தேன். இருமினாள். அழுதாள். அழட்டும், ஊரே கேட்கிற மாதிரி அழட்டும்.

டாக்டர் மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார். வரும் வழியெல்லாம் காரில் அதே பேச்சு. "நீ பாக்குறேன்னு நெனச்சேன்." "நீங்க பாக்குறீங்கன்னு நான் நெனச்சேன்." நாத்தனார் மட்டும் உருண்டையின் ஈரச் சட்டையை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டே வந்தாள்.

அவளை இழுத்ததும் நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. மாடியில் யாரும் இல்லை.

மார்ச் 2, திங்கள்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். "நேத்து மாடியில இருந்தது யாரு டீச்சர்? நன்றி சொல்லணும்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க வீட்ல முன்னாடி இருந்தவ. என் சிநேகிதி. அப்பப்போ வந்து எங்கூட தங்குவா. காலையிலதான் கிளம்பிப் போனா."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். பையனாம். உருண்டை வயதுதானாம். அந்த நீல டைல் தொட்டியில்தானாம்.

"எல்லாரும் என்ன நெனைக்கிறாங்க, ஆள் இல்லாத நேரத்துல நடந்துச்சுன்னு. இல்லம்மா. அன்னைக்கு தோட்டம் கொள்ளாத கூட்டம். ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க பாக்குறாங்கன்னு இருந்துட்டாங்க."

வேலி, தாழ்ப்பாள், ரப்பர், மணல் — எல்லாம் அதற்குப் பிறகு.

"கடைசியா ஒரு விசில் வாங்கிக் கயித்துல கோத்தா. அது யார் கழுத்துல கிடக்கோ அவங்கதான் காவல். அடுத்த ஆள்கிட்ட மாட்டிவிட்டு 'உங்ககிட்ட'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அவங்க 'எங்கிட்ட'ன்னு சொல்லணும். அதுவரைக்கும் நகரக் கூடாதுன்னு சட்டம்."

"யாருக்குச் சட்டம் டீச்சர்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். புருஷன் விட்டுட்டுப் போயிட்டார். அக்கம்பக்கத்துல யாரும் பிள்ளைங்களை அனுப்பல. சாயங்காலமானா தானே மாட்டிக்கிட்டு அந்தப் படியில உக்காந்துப்பா. இருட்டினதும் கழட்டி ஆணியில மாட்டிட்டு உள்ள போவா."

நான் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 8, ஞாயிறு

வாளிகள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன. பின்வாசல் திறந்திருக்கிறது. கயிறு என் கழுத்தில்.

அவர் முதலில் கிண்டல் செய்தார். "பாத்ரூம் அவசரம், யாராச்சும் டியூட்டி மாத்துங்கப்பா." ஆனால் மாற்றாமல் நகரவில்லை. நாத்தனார் வந்தபோது கிண்டலே செய்யவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "எங்கிட்ட அண்ணி." போனைத் தானாகவே ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

படியில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. தெரியாமல் அங்கேதான் உட்கார்ந்தேன். உடம்பு கச்சிதமாகப் பொருந்தியது. எழுந்து தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடி அங்கேயே இருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

அந்தச் சிநேகிதியை ஒருமுறை வரச் சொல்லி டீச்சரிடம் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. மாடியில் கொடி மட்டும் ஆடுகிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

வந்தார்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பார்க்காமலே அவர் கை அதைத் திறந்திருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கேட்டருகிலேயே நின்றார். மணல்குழிப் பக்கம் பார்க்கவில்லை. என் கழுத்தைத்தான் பார்த்தார். "உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை.

உருண்டை மணலில் உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தாள். யாரோ வந்திருப்பதைப் பார்த்ததும் கரண்டியில் ஒரு வாய் மணல் எடுத்து அவர் பக்கமாக நீட்டினாள்.

அடுப்பில் பால். பொங்கும் வாசம் வந்துவிட்டது. உருண்டையின் அப்பா வீட்டில் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டே உள்ளே போயிருக்கலாம். எப்போதும் அப்படித்தான் போவேன்.

கயிற்றைக் கழற்றினேன். எனக்கே தெரியாமல் கை அதைக் கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு நீட்டினேன்.

"உங்ககிட்ட."

அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நான் நகரவில்லை. சட்டம் அதுதானே. பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. கயிற்றைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு, மணல்குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"எங்கிட்ட."

உள்ளே போனேன். அடுப்பை அணைத்தேன், மேடையைத் துடைத்தேன். தோட்டத்து ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பார்க்கவில்லை. இரண்டு டம்ளர் எடுத்து, அவசரப்படாமல் கழுவினேன்.