உன் தலைமாட்டு மரம்

இன்று காலை தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டேன். உன் மரத்தில் சிவப்பு வந்திருந்தது. இலைகளுக்கு நடுவே, குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று. நீ இருந்திருந்தால் முதலியார்பேட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பாய். நான் கத்தவில்லை. கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதேன்.

உனக்கும் எனக்கும் ஒரே தெரு, ஒரே வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தாவைக் கட்டிக்கொண்டு நீ பிரான்சுக்குப் போனாய். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. செத்துப்போய்விட்டாய் என்பதற்காக அதை நான் மறக்கப்போவதில்லை. தலை நரைத்தபின் தனியாகத் திரும்பி வந்தாய், அவரை அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு. அவர் தலைமாட்டில் நிற்கும் மரத்தைப் பற்றித்தான் ஓயாமல் பேச்சு. பிரெஞ்சில் அதற்கு ‘இஃப்’ என்று பெயர். இங்கே நர்சரியில் யூ மரம் என்கிறார்கள்.

“செவப்பா குட்டிக் கிண்ணம் மாதிரி வரும்டி. கிண்ணத்துக்குள்ள ஒரே ஒரு வெத. தின்னா வெஷம். ஆனா அழகு” என்பாய். “அவரு அங்க கெடக்கறாரு, நான் இங்கதான் போவேன். ரெண்டு பேர் தலமாட்லயும் ஒரே மரமாவது நிக்கட்டும்.”

அதற்காகத்தான் பிள்ளைச்சாவடி ரோட்டு நர்சரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். முதலில் நீட்டிய செடியில் ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்த்தாய்.

“வாசன அடிக்குது. இது சைப்ரஸ். யாருகிட்ட ஏமாத்தற?”

அவன் வேறொன்று கொண்டுவந்தான். வாசனை இல்லை. தட்டையான இலை, மேலே கரும்பச்சை, அடியில் வெளுப்பு. “ஜப்பான் யூம்மா இது” என்றான். உன் முகம் கல்யாணப்பெண் முகமாகிவிட்டது.

“ஏண்டி, வெரல் கணு அளவுதான் எலன்னு சொன்ன? இது வெரல் நீளம் இருக்குதே” என்றேன்.

“நம்மூரு வெயிலுக்கு நீண்டிருக்கும். பிரான்ச கண்டவ இவதான்!”

நர்சரிக்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக தீபாவளி வரை உன்னோடு பேசவில்லை.

ஆனாலும் நீ அதை வளர்த்த விதம்! உச்சி வெயில் படாமல் சுவரோரம் நகர்த்துவாய். மழைக்காலத்தில் வேரில் தண்ணீர் தேங்கக்கூடாதென்று தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைப்பாய். நான் கத்தரியை எடுத்தால், “நுனிய மட்டும் கிள்ளு, கட்டைல கை வெக்காத” என்று அதட்டுவாய். அது வளர்ந்ததே தெரியாது. “இது காய்க்கறதுக்குள்ள நாம போயிடுவோம்” என்று குத்திக்காட்டினேன்.

“நான் போனா நீ பாத்துக்க. செவப்பு வந்ததும் என் தலமாட்ல நட்டுடு.”

அடுத்த மழைக்கு நீ இல்லை. அடக்கத்துக்கு வந்த உன் மகன், “இந்தத் தொட்டிய குப்ப வண்டில போட்டுடுங்க அத்த” என்றான். நான் என் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். அவனோடு எனக்கு இனி பேச்சில்லை.

இப்போது சிவப்பு வந்துவிட்டது. ஆனால் கிண்ணம் இல்லையடி. சிவப்பு அடியில் மெத்தை மாதிரி இருக்கிறது. பச்சை விதை அதன்மேல், வெளியே, உட்கார்ந்திருக்கிறது. இது அவர் தலைமாட்டில் நிற்கும் மரம் இல்லை. அதன் சாயலில் இன்னொன்று. வரும் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று உன் மகன் கடைசிவரை உனக்குப் பொய் சொன்னான். நானும் சொன்னால் நீ தாங்கமாட்டாய். அதனால்தான் உள்ளதை எழுதுகிறேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லியாயிற்று. “வேரு கல்லறைய பேத்துடாதுல்ல?” என்று கேட்டார் கல்லறைக் காவலர். “அது மெதுவாத்தான் போவும்” என்றேன். உன் வீட்டுக்காரர் தலைமாட்டு மரம் இல்லாவிட்டால் என்ன, நீ தண்ணீர் ஊற்றிய மரம். எனக்கு அது போதும். உனக்குப் போதாது என்பதும் தெரியும்.

எங்கே பச்சையைக் கண்டாலும் ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்க்கிற பழக்கம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இன்று காலை அழுது முடித்தபின் இதிலும் ஒன்றைக் கசக்கினேன். வாசனையே இல்லை. முகத்திலிருந்து கையை எடுக்கத்தான் நெடுநேரமாயிற்று.